உறுமி இருக்கிறது, மெஷின் இருக்கிறது, பாட்டு எங்கே?

'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' ஒலித்தால் யாருக்கும் கால் சும்மா இருக்காது. 1991இல் வந்த பாட்டு. பேராக்கில் லகாட்டிலிருந்து பத்து காஜா வரை எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும் இன்றும் ஒரு தடவையாவது காதில் விழும். அதே பாட்டின் தாளம், 2007இல் லண்டன் தமிழ்ப்பெண் ஒருவர் வெளியிட்ட 'கலா' என்ற இசைத்தொகுப்பின் முதல் பாட்டுக்கு அடியிலும் ஓடுகிறது. 'பேம்பூ பங்கா' என்பது அந்தப் பாட்டின் பெயர். அதன் தொடக்க வரிகள் 'ரோட்ரன்னர்' என்ற பழைய அமெரிக்கப் பாட்டை ஒட்டியவை. அதைப் பாடிய மாடர்ன் லவர்ஸ், பங்க் என்ற பெயர் ஊரெல்லாம் பரவும் முன்னரே பங்க் வாசித்த குழு. அடியில் இளையராஜா, மேலே பங்க், இரண்டையும் கட்டிப்போட ஒரு தாள மெஷின். பாடியவர் மாதங்கி அருள்பிரகாசம். உலகம் அறிந்த பெயர் எம்.ஐ.ஏ.

பங்க் ராக்கையும் மின்னிசையையும் கலப்பது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கூத்து, நமக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சொல்பவர்கள் அந்த ஒரு பாட்டைக் கேட்டால் போதும். பேராக்கின் தோட்டப்புறத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த இசையின் முக்கால் பங்கு ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. மீதிக் கால் பங்கு சொல்லில் இருக்கிறது. தன் ஊரைப் பற்றி, தன் கோபத்தைப் பற்றி, யாரிடமும் அனுமதி கேட்காமல் எழுதிய சொல். இங்கே குறைவது அது ஒன்றுதான்.

இந்தக் கலவையின் வேர் 1970இல் இருக்கிறது. நியூயார்க்கில் ஆலன் வேகா, மார்ட்டின் ரெவ் என்ற இருவர் 'சூசைட்' என்ற பெயரில் ஒரு குழு தொடங்கினார்கள். பின்னாளில் குழு என்றால் இரண்டே பேர். கிட்டார் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. மலிவான ஓர் ஆர்கனும் தாளம் போடும் ஒரு பெட்டியும்தான். தங்கள் நிகழ்ச்சித் துண்டறிக்கையில் 'பங்க்' என்ற சொல்லை முதலில் அச்சிட்டவர்களில் அவர்களும் உண்டு. ஆனாலும் பங்க் ரசிகர்களே அவர்களைச் சகிக்கவில்லை. 1978இல் கிளாஷ் என்ற பங்க் குழுவுக்கு முன்னால் பாட பிரிட்டனுக்குப் போனபோது, கையில் கிடைத்ததையெல்லாம் மேடையை நோக்கி வீசினார்கள். கிட்டார் இல்லாத பங்க் என்ன பங்க் என்பது அன்றைய கேள்வி.

கேள்விக்குப் பதில் எளிது. பங்க் என்ற இசையின் சாரமே, வாசிக்கத் தெரியாதவனும் வாசிக்கலாம் என்பதுதான். மூன்று கார்டு தெரிந்தால் பாட்டு. மெஷின் வந்தபின் அந்த மூன்றும் தேவையில்லை. டிரம்மர் தேடி அலைய வேண்டாம், அவர் ஒத்திகைக்கு வரவில்லை என்று சண்டை போட வேண்டாம். ஒருவரே ஒரு குழு. பிற்பாடு பெர்லினில் அடாரி டீனேஜ் ரயட், பிரிட்டனில் பிராடிஜி, ஏஷியன் டப் ஃபவுண்டேஷன் என்று இந்த வழியில் பலர் வந்தார்கள். கடைசிப் பெயர் நமக்கு முக்கியம். 1993இல் லண்டனில், தெற்காசியப் பிள்ளைகளுக்கு இசைக் கருவிகளை இயக்கக் கற்றுக்கொடுத்த ஒரு சமூகப் பட்டறையிலிருந்து பிறந்த குழு அது. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே மேடை ஏறினார்கள். அவர்களின் 'ரஃபீஸ் ரிவெஞ்ச்' 1998இல் மெர்க்குரி விருதுப் பட்டியலுக்குப் போனது. அனிருத்த தாஸின் பேஸ் கிட்டாரும் கணினித் தாளமும் சேர்ந்து, இனவெறிக்கு எதிரான பாட்டுகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தன.

எம்.ஐ.ஏ.வின் கதை இன்னும் நெருக்கமானது. 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர் முற்றியபின் 1986இல் அகதியாகத் திரும்பி, தென் லண்டனின் மிட்சம் பகுதியில் அரசாங்கக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவர். படித்தது ஓவியமும் திரைப்படமும். 'எலாஸ்டிகா' என்ற ராக் குழுவின் அமெரிக்கப் பயணத்தைப் படம்பிடிக்கப் போன இடத்தில், அவர்களுக்கு முன்னால் பாடிய பீச்சஸ் என்ற பாடகி ஒற்றை மெஷினோடு மேடையில் நிற்பதைக் கண்டார். அந்த மெஷின் ரோலண்ட் எம்சி-505. அதை இயக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பட்டனை அழுத்தி ஓர் அடியைப் பதிய வேண்டியது, சுற்றவிட வேண்டியது. இரண்டாவது சுற்றில் கைதட்டல், மூன்றாவதில் பேஸ். தவறினால் அழித்துவிட்டு மறுபடி. அதை வைத்துக்கொண்டு படுக்கையறையில் அவர் செய்த மாதிரிப் பாட்டுகளின் வழியே 'கலாங்' வெளிவந்தது. 2003இல் முதலில் அச்சானது 500 பிரதிகள். 2005இல் தந்தையின் இயக்கப் பெயரையே தலைப்பாக்கி 'அருளர்'. அடுத்தது தாயின் பெயரில் 'கலா'.

'கலா'வை அமெரிக்காவில் செய்வதாகத்தான் திட்டம். 2006இல் விசா கிடைக்கவில்லை. அதனால் இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். சென்னையில் ஏ.ஆர்.ரகுமானின் ஸ்டூடியோவில் உறுமிக் கலைஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டோரை உட்கார வைத்து எடுத்த தாளம்தான் 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' பாட்டுகளுக்கு முதுகெலும்பு. அதே தொகுப்பின் 'பேப்பர் பிளேன்ஸ்' அமெரிக்கப் பட்டியலில் 2008இல் நான்காம் இடம் வரை ஏறியது. அதில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார், கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. அந்தக் கிளாஷ் பாட்டு எதைப் பற்றி? மூடிய இரும்பாலைகள், வேலையில்லாத ஊர், போ என்று விரட்டப்படும் குடியேறிகள். அதன் மேல் நின்றுகொண்டு ஓர் அகதிப் பெண் விசாவையும் துப்பாக்கிச் சத்தத்தையும் வைத்துக் கிண்டலடிக்கிறாள். 2010இல் வந்த 'பார்ன் ஃப்ரீ' பாட்டுக்கு அவர் எடுத்துக்கொண்டது மேலே சொன்ன சூசைட் குழுவின் 'கோஸ்ட் ரைடர்'. வேகாவும் ரெவ்வும் போத்தல் அடி வாங்கிய அந்த இசை, முப்பது ஆண்டு கழித்து ஒரு தமிழ்ப்பெண்ணின் கையில் உயிர் பெற்றது. வேறென்ன சான்று வேண்டும்?

(எம்.ஐ.ஏ.வைத் தெய்வமாக்கத் தேவையில்லை. கோவிட் காலத்தில் தடுப்பூசி பற்றி அவர் உதிர்த்தவை சகிக்கக்கூடியவை அல்ல. பாட்டை எடுத்துக்கொள்ளலாம், பேச்சை விட்டுவிடலாம்.)

இனி உறுமிக்கு வருவோம். அந்தத் தோல்கருவியை மலேசியத் தமிழருக்கு அறிமுகப்படுத்துவது வீண் வேலை. ஆனால் அதன் ஒலியை இசையாகக் கவனித்துக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்பது வேறு. இரண்டு முகம் கொண்ட, இடை ஒடுங்கிய மேளம். ஒரு முகத்தில் குச்சியால் அடி. மறுமுகத்தில் அடியே கிடையாது. வளைந்த குச்சியைத் தோலில் வைத்து அழுத்தி இழுக்க வேண்டும். அழுத்தம் கூடினால் சுருதி மேலேறும், தளர்ந்தால் கீழிறங்கும். நடுவில் எந்தப் படியும் இல்லை, ஒரே வழுக்கல். சிந்தசைஸரில் பேஸ் ஒலியை ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கவிட என்ன பாடுபடுவார்களோ, அதை உறுமிக்காரர் மணிக்கட்டால் செய்துவிடுகிறார். நடன அரங்குகளில் நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் அந்த அடிவயிற்று ஒலிக்காக ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொட்டி ஸ்பீக்கர் வாங்குகிறார்கள். புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கோயில் வரை தைப்பூசக் காவடிகளுக்கு முன்னால் அது நடந்தே வருகிறது.

உறுமி மேளக் குழுக்களின் அமைப்பையும் பாருங்கள். பத்துப் பதினைந்து இளைஞர்கள், சொந்தமாக வைத்துக்கொண்ட பெயர், ஒரே மாதிரி டி-சட்டை, நண்பர்களிடம் காசு திரட்டி வாங்கிய மேளம், பள்ளியிலோ அகாடமியிலோ பயிலாத வாசிப்பு, யூடியூப்பில் தாங்களே ஏற்றும் காணொளி. 1976இல் லண்டன் பங்க் குழுக்கள் இயங்கிய முறையும் இதுதான். எவரும் சொல்லிக்கொடுக்காமலே நம் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் மாறிவிட்டது, இடம். ரப்பர் தோட்டத்தில் லயத்துக்கு வெளியே திடல் இருந்தது, கோயில் வாசல் இருந்தது, எவ்வளவு அடித்தாலும் சத்தம் பால்மரக் காட்டுக்குள் போய்க் கரைந்துவிடும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். பிறகு வீடமைப்பு நிறுவனங்கள் வந்தன. தோட்டத்துச் சனம் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் சிதறியது. அங்கே ஒரு செங்கல் சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டுக் கைக்குழந்தை. டிரம்ஸ் வாங்கினாலும் எங்கே வைப்பது, எப்போது அடிப்பது? இந்த நிலைமைக்குப் பொருந்திய கருவி மடிக்கணினியும் காதில் மாட்டும் ஹெட்ஃபோனும்தான். திடலுக்கு உறுமி, தாமானுக்கு மெஷின். இரண்டு வாழ்க்கையையும் ஒரே தலைமுறை பார்த்திருக்கிறது. இரண்டையும் ஒரே பாட்டுக்குள் கொண்டுவருவது அவர்களுக்கு இயல்பாக வரக்கூடியது. தாளங்களை வெட்டி ஒட்டும் மென்பொருள் இன்று கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. எம்சி-505கூடத் தேவையில்லை.

அப்படியானால் எதைப் பாடுவது? இங்கேதான் லகாட் என்ற சின்ன ஊர் பெரிதாகிறது.

ஈப்போவிலிருந்து மெங்லெம்பு தாண்டி லகாட் போகும் வழியை ஒட்டி இருக்கிறது புக்கிட் மேரா. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டியபின் மிஞ்சிய கழிவு மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அதிலிருந்து இட்ரியம் முதலான அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்க, ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் பங்கோடு ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் ஓடத் தொடங்கியது. இட்ரியம் எதற்கு? அந்தக் காலத்து வண்ணத் தொலைக்காட்சித் திரையில் சிவப்பு நிறம் தெரிவதற்கு. பிரித்தெடுத்தபின் எஞ்சியது கதிர்வீச்சுள்ள தோரியக் கழிவு. முதலில் அதை அருகிலுள்ள பாப்பான் என்ற சிற்றூரில் கொட்டிவைக்க ஏற்பாடானது. பாப்பான் மக்கள் 1984இல் எதிர்த்து நின்றார்கள். 1985இல் புக்கிட் மேரா மக்கள் ஆலைக்கு எதிராக ஈப்போ உயர்நீதிமன்றம் ஏறினார்கள். அவர்களுக்காக வாதாடியவர்களில் ஒருவர் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் மீனாட்சி ராமன். 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கையில் அவரையும், புக்கிட் மேரா எதிர்ப்புக் குழுவினரையும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து அடைத்தார்கள். 1992 ஜூலையில் உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. சட்டத்தில் தோற்ற மக்கள் தெருவில் வென்றார்கள். 1994 தொடக்கத்தில் ஆலையைக் கைவிடுவதாக நிறுவனமே அறிவித்தது.

எடுத்துச் சொல்லக் கேட்டாலே பாட்டாகிற கதை இது. பெரும்பாலும் சீனர் வாழும் புதுக்கிராமம், ஒரு தமிழ்ப்பெண் வழக்கறிஞர், ஜப்பானிய நிறுவனம், ஈயக் கழிவு, டிவிப்பெட்டியின் சிவப்பு. ஒரு பங்க் பாட்டுக்குத் தேவையான எதிரியும் இருக்கிறார், நாயகியும் இருக்கிறார், முடிவில் ஒரு வெற்றியும் இருக்கிறது. மின்னிசைக் கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மின்னணுத் தொழிலுக்காகப் பிரித்தெடுக்கப்பட்ட மண்ணைப் பற்றிப் பாடுவதைவிடப் பொருத்தம் வேறென்ன? ஆனால் லகாட்டில் இன்று உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்டால் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டம் தெரியும். வீட்டிலிருந்து மோட்டாரில் பத்து நிமிடத்தில் எட்டிவிடும் புக்கிட் மேரா தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அவர்கள் குற்றமில்லை. கண்ணில் படும் திரையெல்லாம் கோடம்பாக்கத்திலிருந்தே வருகிறது.

கதைக்குப் பஞ்சமே இல்லாத வட்டாரம் இது. அதே பாப்பானில்தான் ஜப்பானியர் காலத்தில் தாதி சிபில் கார்த்திகேசு வானொலிப் பெட்டி ஒன்றை ஒளித்துவைத்து பிபிசி செய்தி கேட்டார். அதற்கு 'ஜோசஃபின்' என்று செல்லப்பெயர் வேறு. கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு மருந்து கொடுத்தார், சித்திரவதைப்பட்டார், 1948இல் இறந்தார். பத்து காஜா பக்கம் கெல்லிஸ் காசில் அருகே மாரியம்மன் கோயிலின் மேல், சாமிகளோடு சாமியாக வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு துரையின் சிலை நிற்கிறது. தோட்டத் துரையைக் கோயில் உச்சியில் ஏற்றிவைத்த பாட்டன்மார் என்ன நினைத்து ஏற்றினார்கள்? நன்றியா, பயமா, நையாண்டியா? மூன்று நிமிடப் பாட்டுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

மலேசியத் தமிழ் இசையில் துணிச்சலுக்குக் குறைவு வந்ததே இல்லை என்று யாராவது சொல்லக்கூடும். உண்மைதான். போயட்டிக் அம்மோ குழு 1990களின் பிற்பாதியில் ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் என நான்கு மொழியிலும் ராப் பாடியது. அதிலிருந்து வந்த யோகி பி, நட்சத்ராவோடு சேர்ந்து 2006இல் வெளியிட்ட 'வல்லவன்', தமிழ் ராப்பின் திருப்புமுனை. அதில் 'மடை திறந்து' பாட்டு 1980இன் 'நிழல்கள்' படத்து இளையராஜா மெட்டின் மேல் எழுந்தது. கோலாலம்பூரில் ஒருவரும் லண்டனில் ஒருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ராஜாவைக் கையில் எடுத்திருக்கிறார்கள். இரண்டு பேருமே புலம்பெயர்ந்த தமிழ் வீட்டுப் பிள்ளைகள். ஆச்சரியமான ஒற்றுமை.

பிறகு பாதை பிரிந்தது. எம்.ஐ.ஏ. தன் ஊர் அரசியலுக்குள்ளேயே இன்னும் ஆழமாகப் போனார். மலேசியத் தமிழ் ராப்புக்குக் கோடம்பாக்கம் கதவைத் திறந்தது. யோகி பி 'பொல்லாதவன்', 2017இல் 'விவேகம்' எனச் சினிமாவுக்குப் பாடினார். அது அவருடைய உழைப்பின் பலன், குறை சொல்ல ஒன்றுமில்லை. கோளாறு அதைப் பார்த்து வளர்ந்தவர்களிடம். உள்நாட்டுக் கலைஞனுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கும் இடம் சென்னை என்ற எண்ணம் ஊறிவிட்டது. மின்னல் எஃப்.எம்.மும் ராகாவும் உள்நாட்டுப் பாடல்களை ஒலிபரப்புகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் உள்நாட்டுப் பாட்டு என்று காதில் விழுவதில் பெரும்பகுதி காதல், அம்மா, நட்பு. ஊர்ப்பெயர் ஒன்றுகூட வராத பாட்டு. சென்னையில் பதிவானதா, செந்தூலில் பதிவானதா என்று கண்டுபிடிக்க முடியாத பாட்டு. அது உள்நாட்டுப் பாட்டாக எப்படி ஆகும்?

சென்னையிலேயே இதற்கு மாற்று வழி கண்டவர்கள் இருக்கிறார்கள் என்பது வேடிக்கை. பா.ரஞ்சித்தும் தென்மாவும் சேர்த்த 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்தியது. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து வந்ததுதான் குழுவின் பெயர். அந்தக் குழுவில் இருந்த அறிவு, 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' எழுதினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின் தமிழ்நாட்டுக்குத் திரும்ப நேர்ந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அந்தப் பாட்டுக்கு ஊற்று. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். மலேசியக் கல்யாணங்களிலும் ஆடினார்கள். தேயிலைத் தோட்டத்துப் பாட்டிக்கு ஆடியவர்கள் வீட்டிலேயே, விடிகாலை இருட்டில் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரை யார் எழுதுவது?

எதிர்ப்புகள் வரும், அவற்றில் நியாயமும் இருக்கும். முதலாவது, சத்தம். இரவு ஒரு மணிக்கு லாரியில் ஸ்பீக்கர் கட்டி வரும் கூட்டத்தைக் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவர் சபிக்கத்தான் செய்வார். சபிக்க அவருக்கு உரிமையுண்டு. இரண்டாவது, குண்டர் கும்பல் பயம். சில மேளக் குழுக்களைச் சுற்றி அடிதடி நடந்திருப்பதை மறைத்துப் பயனில்லை. ஆனால் மேளம் அடிப்பதால் ஒருவன் குண்டர் ஆவதில்லை. போக வேறு இடம் இல்லாதவன் எங்கே சேர்த்துக்கொள்கிறார்களோ அங்கே போகிறான். ஒத்திகைக்கு ஓர் அறையும், வாரத்தில் இரண்டு மாலையும், கேட்க நாலு பேரும் இருந்தால் அவன் நேரம் வேறு வகையில் செலவாகும்.

மூன்றாவது எதிர்ப்பு அதிகாரத்திடமிருந்து வரும். மலேசியாவில் உரத்த இசைக்கும் போலீசுக்கும் உள்ள உறவு நல்ல உறவு அல்ல. 2005 டிசம்பர் 31 இரவு கோலாலம்பூரில் 'பால்ஸ் பிளேஸ்' என்ற அரங்கில் புகுந்து, 'பிளாக் மெட்டல்' சந்தேகத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்துப்போனார்கள். 2015 ஆகஸ்ட் இறுதியில், பெர்சே 4 பேரணிக்கு முந்தைய இரவு, அம்பாங்கில் 'ரூமா அப்பி' என்ற பங்க் அரங்கில் 160 பேர் வரை கைதானார்கள். இத்தனைக்கும் பிறகும் அந்தப் பிள்ளைகள் நிறுத்தவில்லை. கார்புரேட்டர் டங் போன்ற குழுக்கள் 1990களின் தொடக்கத்திலிருந்து தாங்களே கேசட் அடித்து, தாங்களே விற்று, தாங்களே மேடை போட்டு ஒரு வட்டத்தைக் கட்டினார்கள். ஈப்போவிலேயே 'கிசானாட்' என்ற பெயரில் இளைஞர்கள் தங்கள் சொந்த முயற்சியில் பங்க் குழுக்களுக்கு மேடை கொடுத்தார்கள். வாடகை பங்கு போட்டுக் கட்டுவது, நுழைவுக் கட்டணத்தை வந்த குழுக்களுக்கே பிரித்துக் கொடுப்பது, இதுதான் கணக்கு. தமிழ் இளைஞர் அமைப்புகள் ஒருமுறை போய் அந்தக் கணக்கைக் கேட்டுப் படித்துவிட்டு வரலாம். மானியத்துக்கு மனு எழுதும் நேரத்தில் பாதி போதும்.

தமிழர் பக்கத்தில் இடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும் கோயில் மண்டபங்களும் மன்றக் கட்டடங்களும் கிந்தா வட்டாரத்தில் எத்தனையோ. சாவி வைத்திருப்பவர்களுக்குத்தான் மனம் வர வேண்டும். அவர்கள் ஒன்றை யோசிக்கலாம். உறுமி மேளத்தில் சினிமா மெட்டு வாசிக்கலாமா என்று தைப்பூசம்தோறும் சண்டை வருகிறது. வாசிக்கக் கூடாது என்கிறது ஒரு தரப்பு, கூட்டம் அதைத்தான் கேட்கிறது என்கிறது இன்னொன்று. கூடாது என்பவர்கள் பக்தியை நினைத்துச் சொல்கிறார்கள். ஆனால் இசைக்கு அதைவிட நல்ல சட்டம் கிடையாது. சினிமா மெட்டு கூடாது என்றால் அத்தோடு நிறுத்தாமல், சொந்த மெட்டு போட்டுக்கொண்டு வா, அதற்கு நேரம் தருகிறோம் என்றும் சேர்த்துச் சொல்லட்டும்.

ஆடித் திருவிழாவில் அன்னதானம் முடிந்து சாமி உள்ளே போனபின், இரவு ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை, கோயிலுக்கு வெளியே திடலில் ஒரு சின்ன மேடை. இரண்டு உறுமி, ஒரு பம்பை, ஒரு மடிக்கணினி, ஒரு மைக். பாட்டுக்கு நிபந்தனை மூன்றே. வரி சொந்தமாக இருக்க வேண்டும், மெட்டு சொந்தமாக இருக்க வேண்டும், பாட்டுக்குள் பேராக்கின் ஏதாவது ஓர் ஊர் வர வேண்டும். ஒன்பதரைக்கு ஸ்பீக்கர் அணைந்துவிட வேண்டும். அண்டை வீட்டாருக்கு முதல் வாரமே போய்ச் சொல்லிவிடலாம், அவர்களில் சிலர் நாற்காலி போட்டு உட்காரவும் கூடும். முதல் ஆண்டில் வரும் பாட்டுகளில் பாதி தேறாது, வரி எதுகைக்காகத் தடுமாறும், மெஷின் நடுவில் நின்றுவிடும். மைக்கைப் பிடித்திருக்கும் பிள்ளை புக்கிட் மேரா என்று சொல்லும்போது பின்வரிசையில் வெற்றிலை மெல்லும் ஒரு பெரியவர், 'அந்த ஆலை கேசுக்கு நானும்தான் கோர்ட்டு வாசலுக்குப் போனேன்' என்று பக்கத்திலிருப்பவரிடம் சொன்னால், அடுத்த பாட்டுக்கு வேண்டிய விவரம் அவரிடம் இருக்கிறது. ஒன்பதரைக்குமேல் அவரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.